கரையோரத்துச் சிறு படகுகள் – ஒரு வரலாற்றுப் பார்வை



 

சென்ற நோன்புப் பெருநாளையொட்டி வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் வந்திருந்த நம் மஹல்லாவின் இளைஞர்கள் சிலர், நிர்வாகக் குழுவினரைச் சந்தித்து ஒரு யோசனையை முன்வைத்தனர். பெருநாள் மறுநாள் குடும்பத்துடன் கடலில் சற்று நேரம் உலாவி வருவது நம் ஊரில் நெடுநாளைய வழக்கம். அதற்காக ஒவ்வொரு முறையும் மீன்பிடிப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடிப்பதைவிட, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து குறைந்த விலையில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கிவிட்டால் என்ன என்பதே அவர்களது கேள்வி. எத்தகைய படகு ஏற்றது என்பதை இம்மலரில் எழுதுமாறும் கேட்டுக்கொண்டனர். விலைப்பட்டியல் எழுதுவது நம் வேலையன்று. ஆயினும் இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் நம் கரையின் வரலாற்றிலேயே இருப்பதாக எண்ணுவதால், அங்கிருந்தே தொடங்குகிறோம்.

நம் முன்னோரைக் குறித்து எழுதப்பட்ட நூல்கள் பெரிய மரக்கலங்களையே பேசுகின்றன. மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பொருள் கூறுவோர் உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கப்பல் வாணிபமும், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரைக் கடலில் எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரக்காயர்களின் வீரமும் நாம் பெருமையுடன் நினைவுகூர்பவை. ஆனால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்ற கலத்திலிருந்து அரிசி மூட்டையையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது எது? நாலு பேர் தள்ளினால் மணலில் ஏறிவிடும் சிறு வள்ளம்தான். அதற்குப் பெயரும் கிடையாது. ஏட்டில் இடமும் கிடையாது.

திருமறையோ சிறு படகை மறக்கவில்லை. நூஹ் (அலை) அவர்களின் கப்பலை அறியாதார் இல்லை. அதே திருமறையில், அல்கஹ்ஃபு அத்தியாயத்தில், கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிலருக்குச் சொந்தமான ஒரு படகும் வருகிறது. மூஸா (அலை) அவர்களுடன் பயணம் செய்த கிள்ரு (அலை) அவர்கள், அப்படகை வேண்டுமென்றே பழுதாக்குகிறார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் மன்னன் ஒருவனிடமிருந்து அதைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்ததாகப் பின்னர் விளக்கமும் தருகிறார்கள். ஏழைகளின் பிழைப்பு ஒரு பலகையில் நிற்கிறது என்பதைக் கரையோரத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறு படகின் மதிப்பை அனுபவத்தில் உணர்ந்த பயணி ஒருவரும் நம் கரைக்கு வந்திருக்கிறார். மொராக்கோ நாட்டு இப்னு பதூதா 1344-ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்குக் கலமேறினார். அப்போது மதுரையை ஆண்ட கியாதுத்தீன் தாமகானி அவருக்கு உறவுமுறை ஆனவர். கரை நெருங்கும் வேளையில் காற்று முற்றியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்தனர். கலமோ ஆழமற்ற இடத்தில் சிக்கிக்கொண்டது. மாலுமிகள் மரங்களைப் பிணைத்து ஒரு மிதவை அமைத்தனர். அதில் எல்லோருக்கும் இடமில்லை. இப்னு பதூதா தம்முடன் வந்த தோழர் இருவரையும் பணிப்பெண் ஒருத்தியையும் முதலில் அனுப்பிவைத்தார். நீந்தத் தெரிந்த மற்றொரு பெண் மிதவையின் கயிற்றைப் பற்றியபடி நீந்திச் சென்றாள். அவரோ நீர் ஏறிக்கொண்டிருந்த கலத்தின் பின்மேடையில் இரவு முழுவதும் தங்கினார். காலையில் இக்கரையின் மக்கள், அவரது சமயத்தவர் அல்லாதவர்கள், ஒரு படகில் வந்து அவரைக் கரை சேர்த்தனர். உலகம் சுற்றிய அம்மனிதர் நம் மண்ணில் கால் வைத்தது பெருங்கலத்தால் அன்று; பெயரற்ற மீனவர் படகால் என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அவர் குறிப்பிடும் மிதவை, நம் கட்டுமரத்துக்கு நெருங்கிய உறவு என்றே கொள்ளலாம். எடை குறைந்த மரத்துண்டுகள் மூன்று முதல் ஏழு வரை எடுத்து, முன்பகுதியைச் செதுக்கிக் கூராக்கி, கயிற்றால் இறுகக் கட்டினால் கட்டுமரம். ஆங்கிலேயப் பயணி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட நூலில் சோழமண்டலக் கரையின் இம்மரங்களைப் பற்றி எழுதிய பின்னர் அச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. இன்று மேலைநாடுகளில் இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுகளை அப்பெயரால் அழைக்கின்றனர். அப்படகுக்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை அதிகமில்லை.

கட்டுமரத்தின் சிறப்பு ஒன்றே ஒன்று. அதுவே இக்கட்டுரைக்கு அச்சாணி. கட்டுமரத்துக்குள் தண்ணீர் நிறையாது. ஏனெனில் அதற்கு 'உள்' என்பதே இல்லை. அலை மேலே ஏறும். இடுக்குகள் வழியே வழிந்து போகும். புரண்டாலும் மிதக்கும், மீனவர் அதைத் திருப்பிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்வர். கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர வைப்பர். நீர் குடித்த மரம் கனத்துவிடும் அல்லவா! மறுபுறம், அதில் அமர்பவர் நனையாமல் இருக்கவே முடியாது. ஆகவே கட்டுமரத்தில் குடும்ப உலா என்பது எக்காலத்திலும் இருந்ததில்லை.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்தைய சென்னைக் கரையில் ஆட்களை ஏற்றி இறக்கியது மசூலாப் படகு. நம் பக்கத்தில் சலங்கு என்பர். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை ஓங்கி அடிக்கும்போது ஆணியடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிமாரும் அதில் ஏறித்தான் கரை சேர்ந்தனர். படகு கவிழ்ந்தால் ஆட்களை மீட்பதற்கெனக் கட்டுமரங்கள் உடன் செல்வதும் உண்டு. உயிர்காப்பு ஏற்பாடு என்பது இக்காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று.

நம் பாக் நீரிணைப் பகுதியின் சொந்தப் படகு வத்தை. சென்னை மாகாண மீன்வளத்துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல், 1920-ல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் நம் பகுதிப் படகுகளின் ஒரு பழக்கத்தை வியந்து பதிவு செய்துள்ளார். படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைக் கட்டி, காற்று வரும் பக்கம் அதன் நுனியில் ஆட்கள் சென்று அமர்வர். காற்று கூடினால் இன்னும் வெளியே நகர்வர். தணிந்தால் உள்ளே வருவர். பாய் எவ்வளவு சாய்க்கிறதோ அவ்வளவுக்கு மனித எடை ஈடு கொடுக்கும். ஆள் எங்கே அமர்கிறான் என்பதே படகின் உயிர் என்பதை நம் கரையின் மீனவர் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தனர். இதைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்புவோம்.

காற்றையும் அவ்வாறே அறிந்திருந்தனர். கச்சானும் சோழகமும் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடபுறமான பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை பிடித்தால் நிலைமை தலைகீழ். ஆகவேதான் பாம்பன், மண்டபம் பகுதிகளில் பருவத்திற்கேற்பப் படகுகளை இக்கரையிலிருந்து அக்கரைக்கு மாற்றுவது வழக்கமாயிற்று. பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருவது. ஓராண்டு அமைதியான கடலில் வரும். சில ஆண்டுகள் கழித்து வாடைக் கடலில் வரும். 'சென்ற முறை போனோமே' என்பது இதனால் ஒரு காரணமாகாது.

எஞ்சின் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின்படி 1953-ல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய திட்டம், சிறு விசைப்படகுகளை இந்நாட்டில் பரப்பியது. பின்னர் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. துறைமுகம் இல்லாத கரைகளில் ஏற்றி இறக்கத்தக்க கண்ணாடி இழைப் படகுகளை அது வடிவமைத்தது. உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்காதிருக்க நுரைப்பொருளை அடைத்து வைத்ததே அவ்வடிவமைப்பின் முக்கிய அம்சம். கட்டுமரத்தின் பழைய வரத்தைப் புதிய படகுக்குள் மீண்டும் கொண்டுவர எடுத்த முயற்சி என்று இதைச் சொல்லலாம். 1980-களில் குமரி மாவட்டம் முட்டத்தில் கடல் ஒட்டுப்பலகையில் வள்ளங்கள் கட்டப்பட்டன. பலகைத் தகடுகளைக் கம்பியால் தைத்து, மூட்டின் மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசும் முறை அது. தென்னங்கயிற்றுக்குப் பதில் கம்பி, தையல் மாறவில்லை!

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஒரே காலையில் ஆயிரக்கணக்கான கட்டுமரங்களும் வள்ளங்களும் சிதைந்தன. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளை வழங்கின. ஏற்கெனவே காட்டு மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியிருந்த நிலையில், கட்டுமரக் காலம் பெரும்பாலான ஊர்களில் அத்துடன் முடிந்தது. உதவியவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவசரத்தில் புதிது புதிதாக முளைத்த பட்டறைகளில் கட்டப்பட்ட படகுகள் பலவற்றின் தரம் குறித்து அப்போதே புகார்கள் எழுந்தன. இழை அடுக்குகள் மெலிந்தவை, மிதவை நுரை போதாதவை எனப் பல குறைகள். அத்தலைமுறைப் படகுகள்தாம் கைமாறிக் கைமாறி, 'மலிவு விலை' என்ற பெயரில் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. நம் இளைஞர்களிடம் பேசப்பட்டதும் அத்தகைய ஒன்றே என்று அறிகிறோம்.

இனி நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகிறோம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டம் தானூரில், மாலை மயங்கும் வேளையில், உலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மிகுதியானோர் குழந்தைகளும் பெண்களும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பலர். நம் சமுதாயத்து மக்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒரே இல்லத்திலிருந்து வரிசையாக ஜனாஸாக்கள் புறப்பட்ட அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட எவரும் மறந்திருக்க முடியாது. அப்படகு முன்பு மீன்பிடிப் படகாக இருந்து, மேல்தளம் அமைத்து மாற்றப்பட்டது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களும் ஏறியிருந்தனர்.

மீன்பிடிப் படகு கடலில் நாள் முழுதும் கிடந்து பத்திரமாகத் திரும்புகிறதே, அதே படகு மனிதரை ஏற்றியதும் ஏன் கவிழ்கிறது? வலையும் மீனும் ஐஸும் படகின் அடியில் கிடக்கும் பாரங்கள். அவை படகைக் கீழே அழுத்தி நிலைநிறுத்தும். வலை எழுந்து நிற்காது. டால்பின் தெரிகிறது என்று யாரோ கூவினால் ஒரு பக்கமாக ஓடாது. கைப்பேசியில் படம் எடுக்க விளிம்பில் ஏறி உட்காராது. மனிதரின் எடையோ இருக்கையில் அமர்ந்தாலே விளிம்பு மட்டத்துக்கு ஏறிவிடும். எழுந்து நின்றால் இன்னும் மேலே போகும். அதற்கும் மேலே ஒரு தளம் கட்டினால் கேட்கவே வேண்டாம். சாய்ந்த பக்கம் எல்லோரும் சரிய, உள்ளே புகுந்த நீரும் அதே பக்கம் ஓட, படகு மீண்டு எழ வழியில்லாமற் போகிறது. வத்தைக்காரர் பலகை நுனியில் அமர்ந்து காத்துவந்த கணக்கு இதுதான். அவர்கள் அறிந்து நகர்ந்தனர். நாம் அறியாமல் நகர்கிறோம்.

ஆகவே நம் கருத்து இது. நம் கரையில் பெருவழக்காக உள்ள 28 முதல் 32 அடி வரையுள்ள மீன்பிடி ஃபைபர் படகு, தொழிலுக்கு நல்லது. குடும்ப உலாவுக்கு அன்று. அது குறுகலானது, அலையை வெட்டி ஓடுவதற்கென்றே அவ்வாறு செய்தனர். நீண்டிருப்பதால் 'இன்னும் நாலு பேர் ஏறலாம்' என்ற ஆசையையும் அது தூண்டும். வால்போல் நீண்ட தண்டுடன் பொருத்தும் டீசல் எஞ்சினின் சுழலும் பகுதிகள் மூடப்படாமல் இருப்பதைக் குழந்தைகளை வைத்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். மீன்பிடிப் படகாகப் பதிவு செய்யப்பட்டது, பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றதாகாது என்பதும் மறக்கத்தக்கதன்று.

16 முதல் 18 அடி நீளமும், அதற்கேற்ப 6 அடிக்குக் குறையாத அகலமும், தட்டையான அல்லது சற்றே வளைந்த அடிப்பாகமும் கொண்ட திறந்த படகே நமக்குப் பொருந்தும். தட்டை அடிப்பாகம் அலையில் 'தொம், தொம்' என அடிக்கும். வேகமாகப் போக முடியாது. போகாதிருப்பதே நல்லது. ஆனால் ஆழமற்ற நம் கடலில் தரை தட்டாது; குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தாலும் சட்டென ஆடாது. விளிம்பு, உட்கார்ந்திருக்கும் சிறுவனின் மார்பு உயரம் இருக்க வேண்டும். 10 குதிரைத்திறனையொட்டிய சிறு அவுட்போர்டு எஞ்சின் போதும். அதைவிடக் கனத்த எஞ்சின் பின்புறத்தை அமிழ்த்தி, அலை ஏற வழிவிடும். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை 20 அடிக்குட்பட்ட படகுகளுக்கு ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 18 அடிக்கு 6 அடி என்றால் 7 பேர். அதுவும் அமைதியான நீரில், நல்ல வானிலையில். படகோட்டியும் அந்த 7-ல் அடக்கம். நாலைந்து குடும்பம் ஒரே நேரத்தில் ஏற முடியாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்; முறைவைத்துத்தான் போக வேண்டும்.

உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கொன்று என்று எல்லோரும் சொல்வர். பெரியவர் மேலங்கியைக் குழந்தைக்கு மாட்டினால், நீரில் விழுந்ததும் அங்கி மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். குழந்தைகளின் எடைக்கேற்ற அளவில் தனியாக வாங்க வேண்டும். பெண்கள் அதை அபாயாவுக்கும் துப்பட்டிக்கும் மேலாக அணிந்து வாரை இறுக்க வேண்டும். உள்ளே அணிவதில் பயனில்லை. தீவுகளுக்குப் போவது பற்றியும் சிலர் கேட்டனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நம் பாட்டன்மார் சோற்றுச் சட்டியுடன் போய் வந்த காலம் போல் இப்போது நினைத்தபடி கால் வைக்க இயலாது. கரை கண்ணில் தெரியும் தொலைவில் உலாவி, மஃரிப் பாங்குக்கு முன் மணலில் ஏறிவிடுவதே போதும்.

பேசிய படகைப் பார்க்கச் சென்ற மாதம் அவ்விளைஞர்கள் போனபோது, குழுவின் சார்பில் நாமும் உடன் சென்றோம். வயதான ஓடாவி ஒருவரையும் அழைத்துச் சென்றிருந்தோம். படகு புதுச்சாயம் பூசிப் பளபளவென்று நின்றது. பெரியவர் சாயத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். 'டங், டங்' என்று வந்த ஓசை, எஞ்சின் மாட்டும் பின்பலகையை நெருங்கியதும் 'தொப், தொப்' என மாறியது. உள்ளே வைத்த பலகை நீர் குடித்து அழுகிவிட்டதாகக் கூறினார். ஏரா மணலில் உராய்ந்து உராய்ந்து இழை வெளியே தெரிந்ததையும் விரலால் தடவிக் காட்டினார். பின்னர் மிதவை நுரை இருக்கும் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார். நுரை இருந்தது, பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. "கட்டுமரத்தையாச்சும் அவுத்துக் காயப்போடலாம் தம்பி, இத எங்க போடுறது?" என்றார்.

முன்பணம் கொடுக்காமல் திரும்பினோம். 18 அடிப் படகு ஒன்றைப் புதிதாகக் கட்ட என்ன செலவாகும் என்று அவரிடமே கேட்டிருக்கிறோம். கணக்கு வந்ததும் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கப்படும், இன்ஷா அல்லாஹ்.